கிரீன் டே சேகரிப்பை எதில் தொடங்குவது: பழைய எல்பியா, எர்னி இருக்கும் சிடியா, டி-ஷர்ட்டா?

2025 மார்ச்சில் அமெரிக்க பங்க் ராக் பேண்டான கிரீன் டே மும்பைக்கு வந்து, மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் நடந்த லொல்லாபலூசா இசை விழாவில் வாசித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என் அக்கா மகனுக்கு ஒரே கேள்விதான். "மாமா, பத்தாயிரம் சேத்து வச்சிருக்கேன். இந்த பேண்டோட சாமான் ஒண்ணு வாங்கணும். எதை வாங்கட்டும்?" போனை நீட்டினான். லுக்அவுட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட காலத்து எல்பி (பெரிய இசைத்தட்டு) ஒன்று, 1994 என்று சொல்லப்பட்ட சாயம் போன டி-ஷர்ட் ஒன்று, ஆண்டுவிழாப் பெட்டி ஒன்று, போஸ்டர் இரண்டு, பழைய சிடி ஒன்று. எல்லாவற்றிலும் இதயக்குறி போட்டு வைத்திருந்தான், எதையும் வாங்கவில்லை.

அவனைப் போலவே மாட்டிக்கொண்டு நிற்கிற இன்னும் இரண்டு மூன்று பேரைத் தெரியும். இருபது வருடமாக இந்தச் சாமான்களை வாங்கி, ஏமாந்து, சிலதை விற்று, சிலதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

விலையை முதலில் பார்க்காதீர்கள். நான் ஐந்து விஷயம் பார்ப்பேன், இந்த வரிசையில்.

1. கதை: பொருளைக் கையில் எடுத்தால் பேண்டின் வாழ்க்கையில் ஒரு கட்டம் தெரிகிறதா?
2. போலி: அசல்தானா என்று வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியுமா?
3. வாசல் விலை: தபால், சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது?
4. பராமரிப்பு: நம் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்குமா?
5. கைமாற்று: மனம் மாறினால் விற்க முடியுமா?

ஐந்தாவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. லாபத்துக்காக வாங்குகிறவர்களுக்கு என்னால் உதவ முடியாது. எந்த டி-ஷர்ட் பத்து வருடத்தில் ஏறும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் விற்கிறவராகத்தான் இருப்பார்.

## அட்டைப்படம் சொல்லும் வரலாறு

எதை வாங்குவது என்று முடிவெடுக்க, எந்தக் கிரீன் டே உங்களுக்குப் பிடிக்கும் என்பது தெரிய வேண்டும். ஏனென்றால் இவர்கள் ஒரே பேண்ட் மாதிரித் தெரியவே மாட்டார்கள்.

பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் மைக் டர்ன்ட்டும் கலிபோர்னியாவின் ஈஸ்ட் பே பகுதியில் ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள். 1987-இல் 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் தொடங்கி, 1989-இல் பெயரை மாற்றினார்கள். கிரீன் டே என்றால் நாள் முழுக்கக் கஞ்சா புகைத்துக் கழிப்பது என்று அர்த்தம். பெர்க்லியில் 924 கில்மன் என்றொரு இடம், தன்னார்வலர்களே நடத்துவது. அங்கே வாசித்து வளர்ந்தார்கள். லுக்அவுட் என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனம் முதல் ஆல்பத்தை 1990-இல் வெளியிட்டது. அதற்கடுத்த 'கெர்பிளங்க்' ஆல்பத்தில் ட்ரே கூல் டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு பெரிய நிறுவனமான ரிப்ரைஸுக்குப் போனார்கள். 1994 பிப்ரவரியில் 'டூக்கி' ஆல்பம் வந்தது. பெரிய நிறுவனத்தின் பேண்டுகளுக்கு மேடை கிடையாது என்பது அப்போது கில்மனின் விதி. அதனால் வளர்ந்த வீட்டுக் கதவு அவர்களுக்கே சாத்தப்பட்டது. மறுபடி அங்கே வாசித்தது 2015-இல், தீ விபத்தில் அடிபட்ட ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டுவதற்காக.

இந்தப் பயணம் அப்படியே அட்டைப்படங்களில் இருக்கிறது. டூக்கியின் அட்டையை வரைந்தவர் ரிச்சி புஷர், அதே வட்டாரத்து ஆள். பெர்க்லித் தெரு மேல் விமானம் குண்டு போடுகிறது, நாய்கள் கழிவை எறிகின்றன. உற்றுப் பார்த்தால் பிளாக் சபாத் முதல் ஆல்பத்து அங்கிப் பெண், ஏசி/டிசியின் ஆங்கஸ் யங், கில்மனில் வாரா வாரம் போட்டோ எடுத்த தாடிக்காரர் என்று தெருவே நிறைந்திருக்கும். 1995-இன் 'இன்சோம்னியாக்' அட்டை, டெட் கென்னடிஸ் பேண்டுக்கு வேலை செய்த வின்ஸ்டன் ஸ்மித்தின் ஒட்டுப்படம். 1997-இன் 'நிம்ராட்' அட்டையில் இரண்டு முகங்கள் மேல் மஞ்சள் வட்டம். அதை வடிவமைத்த கிறிஸ் பில்ஹைமர்தான் 2004-இல் 'அமெரிக்கன் இடியட்'டுக்கு அந்தப் புகழ்பெற்ற படத்தைத் தந்தார்: இதய வடிவ கையெறிகுண்டைப் பிடித்த கை. ஆல்பத்திலேயே உள்ள ஒரு பாட்டின் வரியிலிருந்து பிறந்த படம் அது.

பழைய பொருளில் ஒரு தெருவின் கைவேலை இருக்கிறது. புதிய பொருளில் தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற ஒரு சின்னம் இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டும் என்பதில்தான் மீதி எல்லாம் நிற்கிறது.

## லுக்அவுட் காலத்து எல்பி

கதைக்கு இதற்கு மேல் எதுவும் கிடையாது. பள்ளி வயதுப் பையன்கள் வாசித்ததை உள்ளூர்க்காரர்கள் தட்டாக்கி விற்றது. ராயல்டி பாக்கி விழுந்ததால் 2005-இல் பேண்ட் தன் ஒலிப்பதிவு உரிமைகளை லுக்அவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. 2012-இல் லுக்அவுட்டே மூடப்பட்டது. ஆகவே அந்த முத்திரையோடு இனி ஒரு தட்டும் அச்சாகப் போவதில்லை.

போலி விஷயத்தில் நடுத்தரம். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும், அங்கே எண்கள் கீறப்பட்டிருக்கும். விற்கிறவரிடம் அந்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் அந்த எண்கள் பதிவாகியிருக்கும், ஒப்பிடலாம். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

தரக்குறியீட்டிலும் ஒரு பொறி உண்டு. 'விஜி' என்று போட்டிருந்தால் 'வெரி குட்' என்ற அதன் விரிவாக்கத்தைப் பார்த்து ரொம்ப நல்ல நிலை என்று நினைத்துவிடாதீர்கள். சேகரிப்பாளர் கணக்கில் அது கரகரப்பு கேட்கும் தட்டு. கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் 'விஜி பிளஸ்'ஸுக்குக் கீழே இறங்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுதான் ஆளை அடிக்கும். எல்பி கனம், கண்டத்துக்குக் கண்டம் தபால் ஏறும். பிளேயர் இல்லாதவர் பிளேயர், ஆம்ப், ஸ்பீக்கர் என்று வாங்கினால் தட்டின் விலை சில்லறையாகிவிடும். மலிவான சூட்கேஸ் பிளேயரில் போட்டால் கனத்த ஊசி தட்டைத் தேய்க்கும். அப்புறம் வெயில். ஒருமுறை கத்திரி வெயிலில் எனக்கு வந்த தட்டை வீட்டில் ஆள் இல்லை என்று மொட்டை மாடிப் படிக்கட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஓரம் அப்பளம் மாதிரி அலை அலையாக எழும்பி நின்றது. வாங்கிய விலைக்கு அதை இப்போது சுவரில் மாட்டியிருக்கிறேன்.

யாருக்கு இது? ஏற்கெனவே பிளேயர் இருக்கிறவருக்கு. அல்லது அமெரிக்காவில், கனடாவில் இருந்துகொண்டு கடைக்குப் போய்த் தட்டைக் கையில் திருப்பிப் பார்த்து வாங்க முடிகிறவருக்கு. முதல் சாமானாக வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். பாட்டு மட்டும் போதும் என்றால், முதல் ஆல்பத்தையும் இரண்டு சிறு தட்டுகளையும் சேர்த்து 1991-இல் ஒரே தொகுப்பாக வந்தது. அதன் சிடி சல்லிசாகக் கிடைக்கும்.

## டூக்கியின் பழைய சிடி

சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளிக்கும் பொருள் இது. அமெரிக்காவில் மட்டும் கோடிக்கு மேல் விற்ற ஆல்பம், எல்லாப் பழைய கடையிலும் குப்பை மாதிரிக் கிடக்கும், இதில் என்ன சேகரிப்பு என்பார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

பின்னட்டையைத் திருப்புங்கள். நெரிசலான ரசிகர் கூட்டத்தின் போட்டோ. ஆரம்ப அச்சுகளில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கை 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியின் எர்னி பொம்மையைத் தூக்கிப் பிடித்திருக்கும். வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் பின்னால் வந்த அச்சுகளில் பொம்மையை அழித்துவிட்டார்கள். முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பின்பக்கம் பார்த்தால் ஒன்றில், கூட்டத்தின் குறும்பு அப்படியே தப்பி வந்திருக்கிறது. இன்னொன்றில் வக்கீல் வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பங்க் பேண்ட் பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்த கதையை இவ்வளவு சின்ன இடத்தில் சொல்லும் வேறு சாமானை நான் பார்த்ததில்லை.

விலையும் அப்படித்தான். வெளிநாட்டுப் பழைய கடைகளில் சாதாரணப் பிரதி சில டாலருக்குக் கிடைக்கும். எர்னி இருப்பதைத் தெரிந்து விற்கிறவர் கொஞ்சம் கூடக் கேட்பார். தெரியாமல் விற்கிறவர்களும் நிறைய. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பின்னட்டையைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்களா?" விளம்பரத்தில் இருக்கிற படம் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அதை நம்பி வாங்கி, எர்னி இல்லாத பிரதிகள் இரண்டு வந்து சேர்ந்துவிட்டன எனக்கு.

மறைச்செலவு குறைவு. உடைந்த பிளாஸ்டிக் டப்பாவை மாற்ற ஒரு காலி டப்பா போதும். ஆனால் அட்டையை நீரில் துடைக்காதீர்கள், வெறும் கையால் ஈரமாகத் தொடவும் வேண்டாம். மழைக்காலத்தில் பழைய சிடிகளின் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கூடவே கிடக்கட்டும்.

## டி-ஷர்ட்: பழையதா, புதியதா?

பெரும்பாலானவர்கள் கேட்பது இதைத்தான். பெரும்பாலானவர்கள் ஏமாறுவதும் இதில்தான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்கன் இடியட் அட்டைப்படம் போட்ட இதயக்குண்டு டி-ஷர்ட். கருப்புத் துணி, சிவப்பு இதயம், வெள்ளைக் கை. இரண்டே நிறம், கோடுகள் கூர்மையானவை. சின்னமாக அது வென்றதற்கு எந்தக் காரணமோ, அதே காரணத்தால் அதைப் போலியாக அடிப்பதும் எளிது. ஒரு ஸ்கிரீனும் இரண்டு டப்பா மையும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் ஒரு மத்தியானத்தில் நூறு அடித்துவிடலாம். ஆன்லைனில் எனக்குக் கிடைத்த முதல் இதயக்குண்டு மூன்றாவது சலவையில் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்துவிட்டது. விரல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வரைந்தவர் கட்டைவிரலையே மறந்திருந்தார்.

அசல் வேண்டுமென்றால் பேண்டின் சொந்தக் கடை, நிகழ்ச்சி அரங்கு, உரிமம் பெற்ற விற்பனையாளர், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்து லேபிளிலோ படத்துக்குக் கீழேயோ உரிம வரி சின்ன எழுத்தில் இருக்கும்.

1990-களின் பழைய டி-ஷர்ட். இதன் விலை இசை ரசிகர்களால் மட்டும் ஏறியதில்லை. பாட்டே கேட்காத பழைய துணிப் பிரியர்களும் ஏலத்தில் நிற்கிறார்கள். நீங்கள் பேண்டுக்காகக் கொடுக்கும் பணத்தில் பாதி ஃபேஷனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? ஓரத்தையும் கைவிளிம்பையும் பாருங்கள். 90-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க டி-ஷர்ட்களில் ஒற்றைத் தையல் வழக்கம், பிறகு இரட்டைத் தையல் வந்தது. 1994 என்று சொல்லி இரட்டைத் தையலோடு வந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள். ஒற்றைத் தையல் இருந்தால் உடனே அசல் என்றும் நம்ப வேண்டாம். பழைய வெற்று டி-ஷர்ட்டைத் தேடிப்பிடித்து அதன் மேல் புதிதாக அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டதில் துணி நைந்திருக்கும், மை மட்டும் நேற்று குளித்த மாதிரி பளிச்சென்று இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் கிழடாக வேண்டும்.

அளவையும் எழுத்தில் நம்பாதீர்கள். முப்பது வருடம் துவைத்த எக்ஸ்எல் இன்றைய எல் கூட இருக்காது. அக்குளிலிருந்து அக்குள் வரை எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். கைக்கு வந்ததும் தொங்க விடாமல் மடித்து வையுங்கள். தொங்கினால் தோள் இழுத்துக்கொண்டு கோணிவிடும். பூச்சிக்கு நாஃப்தலீன் உருண்டை போட்டால் வாசனை போகவே போகாது, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள்.

நானாக இருந்தால் போட்டுக்கொள்ள ஒரு புது அசல் வாங்குவேன். பழையதை வாங்குகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக மாட்டார். போட்டுக்கொள்ள மாட்டாத சட்டைக்கு அவ்வளவு பணமா என்பது அவரவர் பாடு.

## ஆண்டுவிழாப் பெட்டி

2023-இல் டூக்கியின் முப்பதாம் ஆண்டையொட்டி ஒரு பெரிய பெட்டி வந்தது, 2024-இல் அமெரிக்கன் இடியட்டின் இருபதாம் ஆண்டுக்கு இன்னொன்று. டெமோப் பதிவுகள், மேடைப் பதிவுகள், புத்தகம், சின்னச் சின்னச் சாமான்கள். டூக்கிப் பெட்டியில் நாய்க் கழிவு அள்ளும் பை கூட உண்டு. டூக்கி என்றால் கொச்சையில் மலம் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

போலி பயம் மிகக் குறைவு, இசையாகக் கிடைப்பதும் அதிகம். கனம்தான் சிக்கல். விலையோடு தபாலும், இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரியும் என்று வாசலுக்கு வரும்போது போட்ட கணக்கு தாண்டிவிடும். இன்னொன்று, பெட்டியை மொத்தமாக வாங்கியவருக்குத் தேடுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. சிலருக்கு அது நிம்மதி. எனக்குத் தேடுவதுதான் பாதி சுகம். எல்பி, சிடி இரண்டு வடிவிலும் வரும்போது பிளேயர் இல்லாதவர் அழகுக்காக எல்பியை எடுக்காதீர்கள்.

## போஸ்டர், பொம்மை, மற்றவை

எண்ணிட்ட ஸ்கிரீன் பிரிண்ட் போஸ்டர் அழகு, ஆனால் கண்ணாடிச் சட்டம் போடும் செலவு போஸ்டர் விலையை எட்டிப் பிடிக்கும். குழாயில் சுருட்டி வருவது தட்டையாக ஒரு வாரம் ஆகும். ஈரச்சுவரில் மாட்டினால் பூஞ்சை நிச்சயம். நிகழ்ச்சிக்கு நேரில் போனவர் அந்த ஊர், அந்தத் தேதி போட்ட போஸ்டரை வாங்கினால் அர்த்தம் இருக்கிறது. போகாத ஊர்ப் போஸ்டர் எனக்கு வேண்டாம்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் மேடையில் வந்து ஆடுகிற முயல் வேடக்காரரைப் பார்த்திருப்பீர்கள். அந்த முயலைப் போட்ட சாமான்கள் சின்ன பட்ஜெட்டுக்கு நல்லவை. பில்லி ஜோவும் மைக்கும் தொடங்கிய காபி வியாபாரத்துக்கே இப்போது 'பங்க் பன்னி' என்றுதான் பெயர். காபித்தூளைச் சேகரிக்க முடியாது, குடித்துவிட்டுப் பையை வைத்துக்கொள்ளலாம்.

2024-இல் இன்னொரு கூத்து நடந்தது. டூக்கியின் மறைபாட்டையும் (கடைசிப் பாட்டுக்குப் பின் ஒளிந்திருக்கும், ட்ரே கூல் பாடிய பாட்டு) சேர்த்து 15 பாட்டையும் 15 விதமான விசித்திரப் பொருட்களில் ஏற்றினார்கள்: பாடும் பிளாஸ்டிக் மீன், கேம் பாய் கேட்ரிட்ஜ், ஃபிளாப்பி, மெழுகு உருளை, பல் துலக்கும் பிரஷ். சொற்ப எண்ணிக்கையில், குலுக்கல் முறையில் விற்றார்கள். இன்று யாராவது விற்றால் கேட்கிற விலை கேட்டு மயக்கம் வரும். ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடும் மீன் என் கனவில் வருகிறது.

## ஒரே பார்வையில்

| பொருள் | கதை | போலி அபாயம் | மறைச்செலவு | பராமரிப்பு | விற்பது | யாருக்கு |
|---|---|---|---|---|---|---|
| லுக்அவுட் எல்பி | மிக அதிகம் | நடுத்தரம் | பிளேயர், தபால் | கஷ்டம் | எளிது | பிளேயர் உள்ளவருக்கு |
| டூக்கி, எர்னி சிடி | அதிகம் | குறைவு | கிட்டத்தட்ட இல்லை | எளிது | லாபம் சொற்பம் | முதல்முறை வாங்குபவருக்கு |
| பழைய டி-ஷர்ட் | அதிகம் | மிக அதிகம் | ஏமாற்றம் | நடுத்தரம் | அசலென்றால் எளிது | துணி தெரிந்தவருக்கு |
| புது அசல் டி-ஷர்ட் | குறைவு | வாங்குமிடம் பொறுத்தது | தபால், வரி | துவைத்தால் போதும் | விற்காது | போட்டுத் தேய்ப்பவருக்கு |
| ஆண்டுவிழாப் பெட்டி | நடுத்தரம் | குறைவு | வரி, கனம் | இடம் வேண்டும் | பிரிக்காவிட்டால் எளிது | ஒரே ஆல்பத்தில் ஊறியவருக்கு |
| போஸ்டர் | போனவருக்கு அதிகம் | நடுத்தரம் | சட்டம் | ஈரம் ஆகாது | மெதுவாக | நேரில் பார்த்தவருக்கு |

## அவன் என்ன வாங்கினான்

சிடியும் ஒரு புது டி-ஷர்ட்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஊருக்கு வரும்போது பையில் போட்டுக் கொண்டுவந்ததால் தபால் மிச்சம். டப்பாவின் மூலை உடைந்திருந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே பின்னட்டையைப் பிடித்து, போனில் டார்ச் போட்டு, கூட்டத்துக்குள் தலை தலையாகத் தேடினான். "இருக்கான் மாமா, எர்னி இருக்கான்" என்று கத்தியதில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அப்புறம்தான் அவனிடம் சிடி பிளேயரே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. என் வீட்டுப் பரணிலிருந்து பழைய டிவிடி பிளேயரை இறக்கி, தூசி தட்டி டிவியோடு இணைத்தோம். கடைசிப் பாட்டு முடிந்து சத்தம் நின்றதும் எடுக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒன்றுமே இல்லை. பிறகு ட்ரே கூல் மெல்லப் பாடத் தொடங்கினார்.